இலை விட்ட பதினொரு கழிகள்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல. ஓடையோரம் இந்த ஜூன் மாதம் இலை விட்டு நிற்கும் பதினொரு கழிகளில் பிறந்தது. கையெழுத்து கோணலாக இருப்பதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். (அச்சில் உங்களுக்குத் தெரியாது. பாடு அச்சுக் கோப்பவருக்குத்தான்.)

தொடக்கம்: "கனடாவின் சஸ்காட்செவன் ஆற்றுச் சதுப்பின் மேல் பனி மெல்ல உருகி, வானம்..."

வேண்டாம். இங்கே பனி உருகுவதை யாரும் நின்று பார்ப்பதில்லை. எல்லாரும் கழி வெட்டப் போய்விடுவார்கள்.

மறுபடியும்: டொமித்தில் என்பவள் பட்டை உரிக்காமல் ஒரு கழியைக்கூடச் சேற்றில் இறக்கியதில்லை.

இது தேறும்.

2

தோலுக்காகக் கஸ்தூரி எலிக்குப் பொறி வைப்பவருக்குக் கழிதான் உயிர். பொறியின் சங்கிலியைக் கழியில் மாட்டிச் சேற்றில் ஆழமாக இறக்காவிட்டால், எலி பொறியையும் இழுத்துக்கொண்டு போய்விடும். வில்லோ மரத்தில் கட்டைவிரல் பருமனில், நெஞ்சு உயரத்துக்கு வெட்டிப் பட்டையை உரித்து, அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைக்க வேண்டும். டொமித்தில் அப்படித்தான் செய்வாள். சதுப்பில் ஊர் அவளுக்கு ஒதுக்கிய பங்கில் கழிகள் எலும்புபோல் வெள்ளையாக நிற்கும். பருவம் முடிந்ததும் ஒன்று விடாமல் பிடுங்கி வந்துவிடுவாள்.

ஓடைக்கு அந்தப் பக்கம் நார்சிஸின் பங்கு. அவன் சோம்பேறி. பச்சைக் கழியை அப்படியே குத்துவான், பிடுங்கவும் மாட்டான். பச்சை வில்லோ ஈரச் சேற்றில் சும்மா இருக்குமா? ஜூனில் வேர் விட்டு, இலை விட்டு நிற்கும். அவன் கரைக்கு "நார்சிஸ் தோப்பு" என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

(நார்சிஸைக் கொஞ்சம் நல்லவனாக்க இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது, கிழித்துவிட்டேன்.)

3

இந்த வசந்தத்தில் டொமித்திலின் பக்கம் எலி குறைவு. நார்சிஸ் பக்கமோ வளைக்கு வளை எலி. அவளுக்கு அந்தப் பங்கை விட்டால் வேறு பிழைப்பில்லை. ஒரு விடியற்காலையில் ஓடையைத் தாண்டிவிட்டாள்.

ஓடையைத் தாண்டிப் பொறி வைத்தவருக்குப் பங்கு போய்விடும். ஊர்க் கூட்டத்தின் சட்டம் அது. அதனால் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தாள். வெள்ளைக் கழி காட்டிக்கொடுத்துவிடும் என்று பதினொரு பச்சைக் கழிகளைப் பட்டையோடு குத்தினாள். பருவம் முடிந்ததும் பொறிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, கழிகளை அவன் விடுவதுபோலவே விட்டுவிட்டாள்.

ஒன்றை மறந்துபோனாள். நார்சிஸ் இடது கைக்காரன்.

கழியின் கூர் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று பார்த்தாலே வெட்டிய கை தெரிந்துவிடும். வாத்து முட்டை பொறுக்கப் போன ஊர்த்தலைவர் எல்சியார், தோணியை நார்சிஸ் கரையில் ஒரு கழியில் கட்டினார். கழி கையோடு வந்தது. அடியைத் திருப்பிப் பார்த்தார். அதோடு நேரே நார்சிஸ் வீட்டுக்கு வந்தார்.

"நார்சிஸ், இது உன் வெட்டு இல்லையேப்பா."

"என்னுதுதான் தலைவரே."

"சரி. சனிக்கிழமை கூட்டத்துக்கு வா. கோடரி தர்றேன், எல்லாரும் பாக்க ஒரு கழி வெட்டிக் காட்டு."

4

நார்சிஸ் ஏன் "என்னுது" என்றான்?

முதல் விளக்கம்: அவளை அவன் ரகசியமாகக் காதலித்

சீ. அவளுக்குத் தெரிந்தால் துடுப்பாலேயே அடிப்பாள்.

உண்மை வேறு. அதற்கு முந்தின நாள் டொமித்தில் தன் கரையில் ஒன்பது கழிகள் பச்சைப் பசேலென்று நிற்பதைப் பார்த்தாள். அவள் பச்சைக் கழி குத்துகிறவளே இல்லை. பிடுங்கி அடியைப் பார்த்தாள். ஒன்பதும் இடது கை வெட்டு. அவற்றைக் கட்டித் தூக்கிக்கொண்டு நேரே அவன் வாசலுக்குப் போனாள்.

"உன் பிள்ளைங்க எங்க வீட்டுப் பக்கம் வந்துட்டாங்கடா."

"அக்கா... அது வந்து..."

"என்னத்த வந்து? எத்தனை எலி?"

"பதினாலு. உங்களுக்கு?"

"இருபத்தி ரெண்டு," என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "யாராச்சும் கேட்டா, உன் கரையில நான் குத்துன பதினொண்ணும் உன்னுதுன்னு சொல்லு. சொல்லலேன்னா இந்த ஒன்பதும் கூட்டத்துக்கு வரும். போனா ரெண்டு பேர் பங்கும் சேந்தே போகட்டும்."

ஒன்பதையும் அவள் எரிக்கவில்லை. அடுப்படியில் ஒரு வாளித் தண்ணீரில் நிறுத்தி வைத்திருக்கிறாள். அவை நன்றாக வளர்கின்றன.

5

முடிவு ஒன்று: நார்சிஸ் வலது கையால் பிசிறில்லாமல் வெட்டுகிறான். எல்லாரும் வீட்டுக்குப் போகிறார்கள்.

முடிவு இரண்டு: கோடரி நழுவுகிறது, ஊர் சிரிக்கிறது, இரண்டு பங்கும் போகிறது.

முடிவு மூன்று: அவன் கோடரியைக் கீழே வைத்துவிட்டு உள்ளதைச் சொல்

(இதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.)

6

நார்சிஸ் என்று யாரும் கிடையாது. அந்தத் தோப்பு என்னுடையது. இந்த ஊர்ப் பள்ளிக்கு வாத்தியாராக வந்து, இங்கேயே பெண் கட்டி, மாமனார் பங்கில் பொறி வைக்கிறவன் நான்தான். பயமாக இருக்கிறது. தமிழில் எழுதுவதும் அதனால்தான். நூறு மைலுக்கு இதைப் படிக்க ஆளில்லை.

சற்று முன் டொமித்தில் ரொட்டி கொண்டுவந்தாள். காகிதத்தை எட்டிப் பார்த்தாள்.

"என்ன வாத்தியாரே, கோழி கிளறுன மாதிரி இருக்கு?"

"வலது கையால எழுதிப் பழகுறேன்க்கா."

"எழுதிப் பழகி என்ன புண்ணியம்? எந்திரி, வெட்டிப் பழகு."

ஒரு வாரமாக வெட்டித்தான் பழகுகிறேன். கட்டைவிரலில் இரண்டு கட்டு. நாளை சனிக்கிழமை. எல்சியார் கோடரியை நீட்டுவார், ஊரே பார்க்கும், அவள் முன்வரிசையில் இருப்பாள்.

பரீட்சைக்கு என் பிள்ளைகளுக்கு இப்படித்தான் கேள்வி வைப்பேன். கோடிட்ட இடத்தை நிரப்புக:

வாத்தியார் தன் ________ கையை நீட்டிக் கோடரியை வாங்கினார்.