இதற்கு மேல் ஏறாது

எங்கள் வீட்டில் ‘ஏத்துறாங்க’ என்று ஒரு சொல் உண்டு. வெளியாட்கள் கேட்டால் ஒன்றும் விளங்காது. நானும் தங்கையும் போனில் விளையாடும் ஒரு விளையாட்டிலிருந்து வந்த சொல் அது.

விளையாட்டில் ஆளுக்கொரு விலங்கு, உலகத்தில் எங்கும் இல்லாத விலங்கு. இரண்டும் சண்டை போடும். ஒவ்வொரு சுற்றிலும் நாம் ஒன்றைத்தான் செய்யலாம். எதிரியை அடிக்கலாம், அல்லது அடிக்காமல் நம் விலங்கின் பலத்தையோ மேலோட்டின் கெட்டியையோ ஒரு படி ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றிக்கொள்ளும் நேரத்தில் எதிரி நம்மைப் போட்டு அடிக்கும். அதைத் தாங்கிவிட்டால் பிறகு நாம் அடிக்கும் ஒரு அடி மூன்று அடிக்குச் சமம்.

நான் ஏற்றிக்கொள்கிற ஆள், குண்டூசி அடிக்கிற ஆள். குண்டூசி என்பது என் தங்கை. ஒட்டடைக்குச்சி உடம்பு, அதன் மேல் பந்து மாதிரி சுருட்டை முடி. அப்பா வைத்த பெயர், ஒட்டிக்கொண்டது.

யோசிப்பதற்குத் திரையின் மேலே ஒரு பச்சைக் கோடு ஓடும். அது தீர்வதற்குள் அழுத்த வேண்டும். நான் கோட்டை முழுசாகச் செலவழிப்பேன். அவளுக்குக் கோடு இருப்பதே தெரியாது.

“அக்கா, அடைகாக்கிறியா? அழுத்துக்கா, குஞ்சு பொரிச்சுடப் போகுது.”

“யோசிக்க வேணாமா?”

“யோசிச்சு யோசிச்சு நீ அந்த ஆமையையே அழுத்துவ. உலகத்துக்கே தெரியும்.”

அவள் சொல்வது சரிதான். என் விலங்கின் பெயர் ஓட்டான், முதுகில் பாறையைச் சுமக்கும் ஆமை. அவளுடையது கீறி, இறக்கை முழுவதும் கத்தியான பறவை. என் முறை நல்லதா அவள் முறை நல்லதா என்று பலமுறை கணக்குப் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான் வந்தது. எங்கேயோ தப்பாகக் கணக்குப் போடுகிறேனோ என்ற சந்தேகம் மட்டும் போகவில்லை.

பிறகு அந்தச் சொல்லை அம்மா அப்பாவுக்கும் வைத்தோம். அப்பா லிஃப்ட் மெக்கானிக். தேநீர் ஆறியிருந்தால் அந்த நிமிடமே கத்துவார், கோப்பையைக் கீழே வைப்பதற்குள் மறந்துவிடுவார். அம்மா வீட்டிலேயே ஒரு கடைக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். அவள் பதில் பேசமாட்டாள், துணியை மடிப்பாள், மடித்ததைப் பிரித்து மறுபடி மடிப்பாள். இப்படியே மாதக்கணக்கில் போகும். பிறகு ஒரு நாள் ஒரே ஒரு வாக்கியம் சொல்வாள், அப்பா அதற்கப்புறம் இரண்டு நாள் எழுந்திருக்கமாட்டார்.

“அக்கா, அம்மா ஏத்துறாங்க” என்று குண்டூசி என் காதில் கிசுகிசுப்பாள். போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். சிரிக்கிற விஷயம்தானா என்று எனக்கு அப்போதே சந்தேகம். ஆனாலும் சிரித்தேன்.

அம்மா கடைசியாகச் சொன்ன வாக்கியம் இது: “அந்த ஊர் வேலையை எடுத்துக்கங்க. நான் வரல.”

அப்பாவின் கம்பெனி வேறு ஊரில் ஒரு பொறுப்பைத் தருவதாக வெகுகாலமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் எங்களுக்காக வேண்டாம் என்று சொல்லிவந்தார். அன்று அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. “சரி” என்றார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, “நீங்க அம்மாகூடவே இருங்கடா. எனக்கு ஒண்ணும் இல்ல, நான் பாத்துப்பேன்” என்றார்.

அவர் பார்த்துக்கொள்ளமாட்டார். அடுப்பைத் திறந்துவிட்டு லைட்டரைத் தேடுகிறவர். காலையில் ரத்த அழுத்த மாத்திரை போட்டாரா இல்லையா என்பதை என்னைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். அவரோடு யாராவது ஒருவர் போக வேண்டும் என்பதில் எனக்கும் குண்டூசிக்கும் பேச்சே தேவைப்படவில்லை. யார் என்பதுதான் பிரச்சினை.

எனக்குப் போக விருப்பமில்லை. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்துவிட்டு, மாலையில் கணக்கியல் வகுப்புக்குப் போகிறேன். பரீட்சை நெருங்கிவிட்டது. அந்த ஊரில் இப்படி ஒரு மாலை வகுப்பு இல்லை, விசாரித்துவிட்டேன். அவளுக்குப் பள்ளியில் கடைசி வருடம். கூடைப்பந்து அணியில் சேரக் கெஞ்சிக் கூத்தாடி இப்போதுதான் சேர்ந்திருந்தாள். இதெல்லாம் போக, இரண்டு பேருக்குமே அம்மா வேண்டும். இந்தக் காரணத்தை நாங்கள் வாயால் சொல்லிக்கொள்ளவில்லை.

“ஒரு ஆட்டம் போடலாம்” என்றாள் குண்டூசி. “தோத்தவங்க அப்பாகூட.”

“இதையெல்லாமா விளையாடி முடிவு பண்றது?”

“வேற எப்படி? உன்கிட்ட விட்டா நீ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அப்பா ரிட்டயர் ஆகித் திரும்பி வந்துடுவாரு.”

பாத்திரம் யார் கழுவுவது, ஜன்னலோரக் கட்டில் யாருக்கு, அம்மாவிடம் யார் போய்ச் சொல்வது எல்லாவற்றையும் நாங்கள் இப்படித்தான் தீர்த்து வந்திருக்கிறோம். வேறு வழி எங்களுக்குப் பழக்கமில்லை. சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். வெளியே அப்பா தன் கருவிப்பெட்டியின் உடைந்த கைப்பிடிக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தார். டேப் கிழிகிற சத்தமும் அம்மாவின் தையல் மெஷின் சத்தமும் மாறி மாறிக் கேட்டன.

முதல் சுற்றில் கீறி பாய்ந்து அடிக்கும் என்று கணித்து, ஓட்டைக் கெட்டியாக்கினேன். திரையில் ‘ஓட்டானின் ஓடு இறுகியது’ என்று வந்தது. அடுத்த வரி: ‘கீறியின் பலம் ஏறியது.’

நிமிர்ந்து பார்த்தேன். இத்தனை வருடத்தில் அவள் ஏற்றி நான் பார்த்ததில்லை. கீறிக்கு அப்படி ஒரு வித்தை இருப்பதே எனக்குத் தெரியாது.

“இது எப்பக் கத்துக்கிச்சு?”

“கண்ணை உன் போன்ல வை.”

இது ஏதோ தந்திரம் என்று நினைத்தேன். அவள் பலத்தை ஏற்றினால் நான் ஓட்டை ஏற்றுவதுதான் முறை, ஏற்றினேன். அவள் மறுபடி ஏற்றினாள். நானும் ஏற்றினேன். இப்படியே போனது. எந்தப் பலத்துக்கும் ஒரு எல்லை உண்டு. முதலில் எனக்கு அந்த வரி வந்தது: ‘இதற்கு மேல் ஏறாது.’ சற்று நேரத்தில் அவளுக்கும் வந்தது. எல்லையைத் தொட்டவன் செய்ய வேண்டியது அடிப்பதுதான், குழந்தைக்கும் தெரியும். நான் மறுபடி ஓட்டையே அழுத்தினேன். அவளும் பலத்தையே அழுத்தினாள். இரண்டு போனிலும் அதே வரி, ஒன்றன்கீழ் ஒன்றாக.

தையல் மெஷின் நின்றது. “என்னங்கடீ, உள்ள சத்தத்தையே காணோம்? சண்டையா?” என்று அம்மாவின் குரல் வந்தது.

“இல்லம்மா, ஏத்துறோம்” என்றாள் குண்டூசி.

“எதை?”

“ஒண்ணுமில்லம்மா.”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

“ஏன்டி அடிக்கமாட்டேங்கிற?” என்று கேட்டேன்.

“நீ ஏன் அடிக்கல?”

“நான் எப்பவும் லேட்டாத்தான் அடிப்பேன்.”

“இன்னைக்கு நானும் லேட்.”

“குண்டூசி, நிஜமாச் சொல்லு. உனக்குப் போகணுமா?”

“உனக்கென்ன லூசா? யாருக்குப் போகணும்?”

“அப்ப அடி.”

“நீ அடிக்கா. நீதானே பெரியவ.”

நான் அடிக்கவில்லை. எந்த வித்தையையும் எண்ணி இத்தனை தடவைதான் பயன்படுத்தலாம், அது தீர்ந்தால் மற்றதற்குத்தான் போக வேண்டும். எனக்கு இன்னும் மிச்சமிருந்தது. அவளுக்குத்தான் முதலில் தீர்ந்தது.

“தீர்ந்துடுச்சு” என்றாள். “இனிமே அடி மட்டும்தான் இருக்கு.”

அவள் கையிலிருந்ததில் மிகப் பெரிய அடியை அடித்தாள். போன் அதிர்ந்தது. அத்தனை தடவை இறுக்கிய ஓடாக இல்லாவிட்டால் ஓட்டான் அங்கேயே முடிந்திருக்கும். உயிர்க் கோடு சரசரவென்று இறங்கி, சிவப்பாகி, ஒரு நூல் அளவில் நின்றது.

அந்தப் பெரிய அடிக்கு ஒரு விலை உண்டு. அடித்த பிறகு கீறி ஒரு சுற்று மூச்சு வாங்கும், எதுவும் செய்ய முடியாது. அதனால் அடுத்த சுற்று முழுக்க முழுக்க என்னுடையது. கீறிக்கு மெல்லிய உடம்பு. ஓட்டான் சும்மா மோதினாலே விழுந்துவிடும், நான் இங்கே இருப்பேன். மோதாமல் ஓட்டையே அழுத்தினால் அதற்கடுத்த சுற்றில் கீறி என்னை முடித்துவிடும், அவள் இங்கே இருப்பாள். இவ்வளவு சுலபமான கணக்கு அந்த விளையாட்டில் எனக்கு வந்ததே இல்லை.

பச்சைக் கோடு ஓடத் தொடங்கியது.

வரிசையாக யோசித்தேன். பரீட்சையை அடுத்த வருடமும் எழுதலாம். பள்ளியின் கடைசி வருடம் திரும்பி வராது. அப்பாவின் மாத்திரை நேரம் எனக்குத்தான் தெரியும். ஆனால் கடையில் என்னை நம்பி இப்போதுதான் லென்ஸ் அளவெடுக்க விட்டிருக்கிறார்கள். அம்மாவைத் தன்போக்கில் விட்டால் வாரக்கணக்கில் பேசாமல் இருந்துவிடுவாள், அவளைப் பேசவைக்கத் தெரிந்தவள் குண்டூசி. ஆக, நான் போவதுதான் சரி. ஓட்டை அழுத்தத்தான் வேண்டும். அப்படித்தான் முடிவு செய்தேன் என்று நினைக்கிறேன். என் விரல் திரைக்கு மேலே இருந்தது. அடியும் ஓடும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள். விரல் எந்தக் கட்டத்துக்கு மேலே இருந்தது என்று எத்தனையோ முறை எனக்குள் கேட்டுப் பார்த்துவிட்டேன். உறுதியாகத் தெரியவில்லை.

கோடு பாதிகூடத் தீரவில்லை. திரை பளிச்சென்று மாறியது. ‘வெற்றி!’ ஓட்டான் முன்னங்கால்களைத் தூக்கி ஆடியது.

நான் எதையும் அழுத்தவில்லை. மூச்சு வாங்கும் சுற்றிலும் ஒன்றை மட்டும் அழுத்தலாம். திரையின் மூலையில் சின்னதாக ஒரு வெள்ளைக்கொடி இருக்கும், ஆட்டத்தை விட்டுவிடுவதற்கு. அவள் அதைத் தொட்டுவிட்டிருந்தாள்.

அவள் அதற்குள் கதவைத் திறந்து வெளியே போயிருந்தாள். “அப்பா, நான் வரேன் உங்ககூட. எனக்கு ஜன்னல் இருக்கிற ரூம் வேணும், இப்பவே சொல்லிட்டேன்.”

டேப் கிழிகிற சத்தம் நின்றது. “ஸ்கூல்?” என்றார் அப்பா.

“அங்க ஸ்கூலே இல்லையா? ஆடு மாடுதான் இருக்கா?”

அம்மாவின் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. தைத்துக்கொண்டிருந்த ஓரம் கோணிப் போயிருந்ததை மறுநாள் அவள் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன்.

அன்று மதியம் குண்டூசி பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துணிகளைத் திணித்தாள். எதையும் மடிக்கவில்லை. நான் அவள் திணித்ததை எடுத்து எடுத்து மடித்தேன்.

“ஏன்டி கொடியை அழுத்தின?”

“நீ போனேன்னு வை, அங்க போய் எந்தக் கடையில பிரெட் வாங்கலாம்னு ஒரு வாரம் யோசிப்ப. அப்பா பட்டினியாவே போயிடுவாரு.”

“விளையாடாத.”

“நான் விளையாடல. தோத்துட்டேன்ல.” முகத்தைப் பெட்டிக்குள் விட்டுக்கொண்டு ஏதோ தேடினாள். “நான் அடிச்சு நீ விழுந்துடுவேன்னுதான் நினைச்சேன்க்கா. விழுந்திருந்தா எல்லாம் அதுபாட்டுக்கு முடிஞ்சிருக்கும். நூல் மாதிரி நின்னுச்சு பாரு உன் ஆமை, என்னால பாக்க முடியல.”

“நான் தோக்கத்தான் போறேன்னு இருந்தேன். ஓட்டைத்தான் அழுத்தியிருப்பேன்.”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்கிறவள் கேட்பது போலத்தான் கேட்டாள்.

“அப்படியா? அப்ப அழுத்தியிருக்கலாம்லக்கா.”

மடித்த சட்டையை மறுபடி மடித்தேன்.

சாமான் வண்டி வந்த அன்று காலையில் மழை தூறியது. அப்பா கருவிப்பெட்டியை யாரிடமும் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். மாத்திரை நேரத்தை நான் இரண்டு தடவை சொன்னேன். குண்டூசி மூன்றாவது தடவை சொல்ல விடவில்லை. “அக்கா, நீ பரீட்சையில மட்டும் கோட்டை விட்டேன்னு வை, வந்து உதைப்பேன்” என்றாள். அம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வாசலில் நின்றாள். குண்டூசி இறங்கி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, நாடாவால் அம்மாவின் மூக்கை அளந்து பார்த்துவிட்டு ஓடினாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா வண்டியின் சக்கரத்தைப் பார்த்தாள். வண்டி போய்விட்டது.

தெருவில் நானும் அம்மாவும் நின்றோம். அவள் தோளில் தூறல் புள்ளி புள்ளியாக விழுந்துகொண்டிருந்தது.

“நீதான் போவேன்னு நினைச்சேன்” என்றாள் அம்மா.

“ஏம்மா?”

“அவ பிடிவாதக்காரி. நீதான் எதையும் விட்டுக்கொடுக்கிறவ.”

குத்திக்காட்டவில்லை, மனதில் பட்டதைச் சொன்னாள், அவ்வளவுதான். நான் விட்டுக்கொடுக்கவில்லை அம்மா, யோசித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லலாம். அல்லது, போகத்தான் இருந்தேன் என்று சொல்லலாம். இரண்டில் எது உண்மையோ அதைச் சொல்ல வேண்டும் என்று சொற்களை அடுக்கிப் பார்த்தேன். அடுக்கி முடிக்கவில்லை, அம்மா உள்ளே போய்விட்டாள். உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.