விட்டுவிட்ட ஒரு சொல்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு கதை சொல்கிறேன். ரத்தம் சிந்துகிற கதை. பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரை ஊரான தோணிரேவில் துளசிங்கத்தின் இறால் வலையை யாரோ அறுத்துப் போட்டிருந்தார்கள். ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை விடுவது என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வது அங்கே வழக்கம், பாடு என்பார்கள். மறுநாள் அதே இடம் வடிவேலுவின் பாடு, துளசிங்கத்துக்குச் சிக்காத இறால் அவனுக்குத்தான். அது போதாதா, ஊர் வாய் அவனைத்தான் மென்றது. போலீஸ் கூட்டிப்போய் விசாரித்துவிட்டு அனுப்பியது.

அதைப் பற்றி இங்கிலீஷ் பேப்பர் செய்தி ஒன்று துளசிங்கத்தின் போனுக்கு வந்தது. பொன்னேரியில் காலேஜ் படிக்கும் மகள் இளவரசியிடம் நீட்டினார். அவள் குழம்பைக் கிளறிக்கொண்டே, வலையை அறுத்த வடிவேலுவைப் போலீஸ் விசாரித்ததாகப் போட்டிருக்கிறது என்றாள். பெயருக்கு முன்னால் 'அலெஜ்டு' என்று ஒரு சொல் இருந்தது. அதற்குத் தமிழ் சட்டென்று நாக்கில் வரவில்லை. சின்னச் சொல்தானே என்று விட்டுவிட்டாள்.

படகு தள்ளும் கழி சுவரோரம் இல்லை, அப்பாவையும் காணோம் என்று அப்புறம்தான் கண்டாள். ஓடினாள்.

அதற்குள் கரையில் வடிவேலுவின் முன்கை உடைந்து எலும்பு வெளியே தெரிந்தது. "நான் இல்லண்ணா" என்ற வாயிலேயே அடுத்த அடி விழுந்தது. பல்லும் ரத்தமும் சேற்றில் சிதறின. அவன் பெண்சாதி ருக்கு துளசிங்கத்தின் காலைக் கட்டிக்கொண்டாள், உதைத்துத் தள்ளினார். வடிவேலுவின் மண்டைக்குக் கழியை ஓங்கினார். இளவரசி வடிவேலுவின் மேல் குப்புற விழுந்தாள். அடி அவள் தோளில் இறங்கியது.

"நவுருடி. பேப்பர்லயே போட்டுட்டான்."

"போடல நைனா. அறுத்தான்னு சொல்றாங்க, இன்னும் நிரூபிக்கலனுதான் போட்டுக்கீது. அந்த ஒரு சொல்ல நான் வுட்டுட்டேன்."

"அப்ப யாருடி அறுத்தது?"

"தெரியல நைனா. பேப்பர்காரனுக்கும் தெரியல, நமக்கும் தெரியல."

கழி அவர் கையிலிருந்து நழுவியது. ருக்கு அதை எடுத்து அவர் முகத்திலேயே அடித்தாள். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. அவர் தடுக்கவில்லை. பிறகு அவள் இளவரசியைப் பார்த்தாள்.

"காலேஜுக்குப் போயி இன்னாடி படிச்ச நீ?"



எலும்பு கூடியது, ஆனால் அந்தக் கை அப்புறம் வலை இழுக்கவில்லை. வடிவேலுவின் பாடு வரும்போதெல்லாம் துளசிங்கமே அவன் வலையை இழுத்து, மீனை மகளிடம் கொடுத்தனுப்புகிறார். ருக்கு கூடையை வாங்கிக்கொள்வாள், இளவரசியின் முகத்தைப் பார்க்க மாட்டாள். வலையை அறுத்தது யார் என்று இன்றைக்கும் தெரியாது.

உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் எரியட்டும். ஓங்கிய கை எதுவும் உங்கள் வாசலுக்கு வராமல், உங்கள் கையும் எவர் வாசலிலும் ஓங்காமல், பிள்ளைகுட்டிகளோடு நல்லா இருங்கள்.