தேக்சாவில் வெந்த கட்டை

ஜோஸ்பின் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இரண்டு ஏஞ்சல் மீன்கள் இருந்தன. பெரியது சின்னதைத் துரத்தித் துரத்திக் கொத்தியது. சின்னது வால் கிழிந்து, ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒடுங்கி, தீனிக்குக்கூட வெளியே வரவில்லை. குர்லாவில் வளர்ப்பு மீன் விற்கிற கடைக்காரர், "ஒளிய ஒரு மரக்கட்டை போடுங்க, சண்டை குறையும்" என்று சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து மாஹிம் கடற்கரைக்குப் போனபோது அப்படியொரு கட்டை கிடைத்தது. மான்கொம்பு போலக் கிளைத்து, உப்பில் ஊறி வெளுத்திருந்தது. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் பஸ் ஏறினாள். கணவன் ஆபிரகாம் அவளை யாரென்றே தெரியாதவன் போல ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். வீடு இருக்கிற சீத்தா கேம்ப்பில் இறங்கியதும், "விறகுக்கும் டிக்கெட் கேட்டிருப்பான் கண்டக்டரு, நல்லவேளை" என்றான்.

ஜோஸ்பின் காதில் வாங்கவில்லை. இற்றுப்போன இடங்களைக் கத்தியால் சுரண்டினாள். நார் பிரஷால் தேய்த்தாள். சோப்பைத் தொடவில்லை, மரம் அதைக் குடித்துவைத்துக்கொண்டு பிறகு மீனைக் கொன்றுவிடும். உப்பு இறங்க டிரம்மில் போட்டு, நாள் தவறாமல் தண்ணீர் மாற்றினாள். அடுத்தது கொதிக்க வைக்க வேண்டும். வீட்டிலிருந்த பெரிய குண்டானில் கட்டையின் ஒரு கொம்புகூட அடங்கவில்லை.

அவ்வளவு பெரிய தேக்சா பாத்திரம் அந்தச் சந்தில் சபுராவிடம்தான் உண்டு. ஆர்டருக்குப் பிரியாணி ஆக்கித் தருகிறவள். சந்தில் யார் தண்ணீர் டிரம் எங்கே நிற்பது என்ற தகராறில் மழைக்காலம் முழுக்க இரண்டு பேருக்கும் பேச்சில்லை. ஜோஸ்பின் தாழ்வாரத்துக்கும் வாசலுக்குமாக நடந்து பார்த்தாள். மீனின் கிழிந்த வால் கண்ணில் பட்டது. சபுரா வீட்டுக்கே போய்விட்டாள்.

"சபுராக்கா, ஒரு தேக்சா வேணும்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சபுரா தலை நிமிரவில்லை. "என்ன விசேஷம்? கறியா, கோழியா?"

"கட்டை."

"என்னது?"

"மரக்கட்டைக்கா. மீன் தொட்டியில போட அவிக்கணும்."

சபுரா கத்தியைக் கீழே வைத்தாள். முறைத்தபடியே இருக்கத்தான் பார்த்தாள், உதடு கேட்கவில்லை. சிரித்துவிட்டாள். "போக்கத்தவளே. சோறு ஆக்குற பாத்திரத்தத் தரமாட்டேன். ஒடுங்குன பழசு ஒண்ணு பரண்ல கெடக்கு, எறக்கு. உன் அடுப்பு அதத் தாங்காது, இங்கயே வை."

கட்டை வேகத் தொடங்கியதும் தண்ணீர் கருஞ்சிவப்பாக மாறியது. "சுலைமானி டீ மாதிரில்லா இருக்கு" என்று சபுரா எட்டிப் பார்த்தாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த பக்கத்தை இருவரும் துணியால் பிடித்துத் திருப்பிப் போட்டார்கள். அந்த வழியாக வந்த அடுத்த சந்து அய்யாத்துரை நின்று, "யாரு வீட்டுக் கல்யாணம்க்கா?" என்று விசாரித்தார்.

"மீனு வீட்டுல. எலும்பு சூப்பு, இருந்து குடிச்சிட்டுப் போங்க" என்றாள் சபுரா.

அவர் உள்ளே பார்த்துவிட்டு வேகமாக நடையைக் கட்டினார். தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊற்றி, நிறம் வெளுக்கும்வரை கொதிக்க வைத்தார்கள். டிரம் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. நாத்தனார், குழாய், தக்காளி என்று பேச வேறு நிறைய இருந்தது.

கட்டை ஆறியதும் தொட்டியில் இறக்கினார்கள். இறக்கின வேகத்தில் மேலே வந்து மிதந்தது. அமுக்கினால் எழும்பியது. சபுரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜோஸ்பினுக்கு அழுகையே வந்துவிட்டது.

வாசலில் நின்று பார்த்த ஆபிரகாம் இந்த முறை கேலி பேசவில்லை. சமையலறை மேடைகளுக்குக் கிரானைட் பதிக்கிறவன் அவன். மறுநாள் வேலையிலிருந்து ஒரு துண்டுக் கல்லும் துருப்பிடிக்காத ஸ்க்ரூவும் கொண்டுவந்து, கல்லில் துளை போட்டு, கட்டையின் அடியில் முறுக்கினான். "விறகுக்கு செருப்பு மாட்டியாச்சு" என்றான். கட்டை சமர்த்தாக அடியில் உட்கார்ந்தது.

சின்ன மீன் அன்று முழுக்க அசையவில்லை. மறுநாள் கொம்புகளுக்கு நடுவே நுழைந்தது. பெரியது வந்து முட்டிப் பார்த்துவிட்டு, வழி தெரியாமல் சுற்றிப் போனது. தீனி போட்டபோது சின்னது வெளியே வந்து, ஒரு வாய் கவ்விக்கொண்டு, தன் இடத்துக்குத் திரும்பியது.

சபுரா முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்திருந்தாள். "ஏட்டி, நல்லாத் திங்குதுட்டி. இன்னுங் கொஞ்சம் போடு."

"போதும்க்கா, தண்ணி கெட்டுப்போகும். ஒங்க வீட்டுல குக்கர் விசிலடிக்கு."

"அது அடிச்சிட்டுக் கெடக்கட்டும்" என்று சபுரா ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.