பாதி விலை மோடம்

வெர்ன் ஹால்வர்சன் செய்தது ஒன்றும் கொலைக் குற்றமில்லை. டுலூத் நகரின் மேட்டுத் தெருவில் காரை ஏற்றும்போது அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

வீட்டுக் கணினியில் அவன் ஒரு தகவல் பலகை நடத்தினான். ஊர்க்காரர்கள் கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் மோடம் என்ற பெட்டி வழியாக அதைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கடிதம் போடுவார்கள், படிப்பார்கள். ஒரு மோடம் கம்பெனிக்கு இந்தப் பலகைக்காரர்கள் மேல் தனிப் பாசம். அவர்களுக்கு மட்டும் பாதி விலை. அவர்கள் வாங்கினால், கூப்பிடுகிறவர்களும் அதையே வாங்கித் தொலைக்க வேண்டும் அல்லவா? அந்தக் கம்பெனி மோடம் தன் இனத்தோடு மட்டும்தான் வேகமாகப் பேசும். மற்றவற்றோடு நத்தைதான்.

பக்கவாதத்தில் படுத்த கணவரை விட்டு நகர முடியாத யூனிஸுக்கு அந்தப் பலகைதான் அக்கம்பக்கம். எதை வாங்கலாம் என்று போன வசந்தத்தில் கேட்டாள். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அதிகாரபூர்வத் தரம் வரப்போகிறதென்று வெர்னுக்கு அப்போதே தெரியும். தெரிந்தும், கண்ணை மூடிக்கொண்டு இதையே வாங்குங்கள் என்று எழுதினான். பாதி விலைக்கு வாலாட்டிய புத்தி!

பொதுத் தரம் வந்தது. போன வாரம் பழையதை விற்றுவிட்டு அந்தத் தரப்படி செய்த புதியதை மாட்டினான், அதையும் பாதி விலைக்கு. யூனிஸுக்கு மூன்று நிமிடத்தில் வந்த கடிதங்கள் இப்போது இருபது நிமிடம் இழுத்தன. அதற்குள் கணவர் விழித்துவிடுவார். தானே எதையோ கெடுத்துவிட்டதாக அவள் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தாள். அதைப் படித்த பிறகு அவனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை; காரை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே வந்துவிட்டான்.

அவள் காபி ஊற்றினாள், எலுமிச்சை கேக் வைத்தாள், மறுபடியும் மன்னிப்புக் கேட்டாள். அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"உங்க மோடத்துல ஒரு குறையும் இல்ல, யூனிஸ். நான்தான் என்னோடத மாத்திட்டேன். இப்படி ஆகும்னு உங்கள வாங்கச் சொன்னப்பவே தெரியும்."

"தெரியுமா?"

"தெரியும்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கணவரின் அறைக் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தாள்.

"என் பாடு கிடக்கட்டும்ப்பா. நீ சொன்னேன்னு என் தங்கச்சி ஆர்டிஸையும் அதையே வாங்கச் சொல்லிட்டேன். பெமிட்ஜியில ஒண்டியா கிடக்கறா. நீயே அவகிட்ட சொல்லு."

எண்ணை அழுத்தி, "ஆர்டிஸ், ஒரு நிமிஷம்" என்று மட்டும் சொல்லி ரிசீவரை அவன் கையில் வைத்தாள்.

மறுமுனை ஒரு நிமிடம் பொறுக்கவில்லை.

"அக்கா, மோடம் வந்துடுச்சுக்கா. இப்பத்தான் பெட்டியப் பிரிச்சேன். இனிமே நாம பலகையில தினம் பேசிக்கலாம். அந்த வெர்ன் தம்பிக்கு நான் ரொம்ப நன்றி சொன்னேன்னு சொல்லு."