புகைக்குழாயில் தண்ணீர்

கலேவெலயில் ஜமால்தீன் நடத்திய நெல் ஆலையின் எஞ்சின் முன்பு கடலில் ஓடியது. திருகோணமலைப் பக்கம் ஒரு மீன்பிடிப் படகு பாறையில் மோதி உடைந்தபோது எஞ்சின் மட்டும் பிழைத்துக்கொண்டது. ஜமால்தீன் அதை லொறியில் ஏற்றிக்கொண்டுவந்து, ஆலையின் பின்னறையில் சீமெந்துக் கட்டின்மேல் உட்காரவைத்தார். மூன்று வருடம் அது நெல் குற்றியது. ஊரில் கடல் இல்லாதது அதற்கு ஒரு குறையாகத் தெரியவில்லை.

படகு எஞ்சினுக்கு ஒரு பழக்கம் உண்டு. தண்ணீரை இழுத்துத் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும்; பிறகு அந்தத் தண்ணீரையே புகையோடு சேர்த்துக் குழாய் வழியே வெளியில் துப்பும். கடலில் இதை யாரும் கேட்கப்போவதில்லை. கலேவெலயில் அது துப்பிய இடம், ஆலைக்கும் பக்கத்துக் கடைக்கும் நடுவிலிருந்த சந்து போன்ற ஒழுங்கை. அந்தக் கடை லாபிருடையது. லாபிர் ஜமால்தீனின் மனைவி கைறுன்னிஸாவுக்குக் கூடப்பிறந்த மூத்தவர், வீட்டில் எல்லாருக்கும் நானா. ஒழுங்கையில் அவர் காயப்போட்டிருந்த செத்தல் மிளகாய்மேல் கரித்தண்ணீர் விழுந்தது.

லாபிர் இரண்டு தடவை வந்து சொன்னார். மூன்றாவது தடவை அவர் வருவதற்கு முன் ஜமால்தீன் குழாயை நீட்டி, அதன் வாயை ஆள் உயரத்துக்கு வானம் பார்க்கத் திருப்பினார். அந்த வேலையோடு வேலையாக இன்னொன்றும் செய்தார். எஞ்சினுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த தரைத்தொட்டியை விட்டுவிட்டு, நாலு தூண் எழுப்பி மேலே புதிதாக ஒரு தொட்டி கட்டினார். தண்ணீர் தானாக இறங்கி வந்தால் எஞ்சினுக்குச் சிரமம் குறையும் என்று நினைத்தார். அது 1967 பெப்ரவரி.

அடுத்த வாரம் ஒரு காலையில் இருளாண்டி எஞ்சினைக் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பப் போனார். எல்கடுவத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து ஆலையில் எஞ்சின் வேலை பார்ப்பவர் அவர். கைப்பிடி பாதிச் சுற்றில் சுவரில் முட்டியதுபோல நின்றது. மணிக்கட்டு வீங்கியது. மற்றக் கையால் புகைக்குழாயைக் கழற்றினார். ஒரு வாளித் தண்ணீர் கொட்டியது.

மழை பெய்து மூன்று வாரமாகியிருந்தது. ஜமால்தீன் ஒழுங்கைக்குப் போய், வானம் பார்த்த குழாய் வாயைப் பார்த்தார். அதன் கீழே நனைந்திருந்த மண்ணைப் பார்த்தார். பிறகு லாபிரின் கடையைப் பார்த்தார். அதற்குமேல் பார்க்க வேண்டியது எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

அன்று மாலை குழாயின் வாயை ஒரு தேங்காய்ச் சிரட்டையால் மூடினார். விடிந்தபோது சிரட்டை தரையில் கிடந்தது. எஞ்சினுக்குள் தண்ணீர்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆட்கள் கலையும்போது, பள்ளிவாசல் முற்றத்தில் வைத்து குழாயில் தண்ணீர் ஊற்றுவது நீங்களா என்று லாபிரிடம் நேராகவே கேட்டார். லாபிர் செருப்பை மாட்டிக்கொண்டே, தன் கிணற்றில் குடிக்கவே தண்ணீர் இல்லை, எஞ்சினுக்கு ஊற்ற எங்கே போவது என்றார். அதன்பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு வீட்டிலும் ஆடு அறுத்துக் குர்பான் கொடுத்தார்கள். ஆலைக்கும் கடைக்கும் பின்னால் ஒரு சுவர் தள்ளியிருந்த வீடுகள், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் கையில் இறைச்சியைக் கொடுத்து, றோட்டைச் சுற்றி ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்டன.

போக வேண்டாமென்று ஜமால்தீன் மனைவியிடம் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. கைறுன்னிஸா சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, அண்ணன் பிள்ளைகளின் சத்தத்தைக் கேட்டுவிட்டு அடுப்படிக்குத் திரும்புவாள்.

இருந்தாலும் அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். புதன்கிழமைக் காலைகளில் மட்டும் எஞ்சின் சண்டித்தனம் செய்யாமல் ஓடியது. செவ்வாய்க்கிழமை மாலைதான் அவித்தெடுக்கிற நெல்லை ஊறப்போடுவார்கள். மேல்தொட்டியின் தண்ணீர் முழுவதும் அதற்குப் போய்விடும். இதைக் கணவரிடம் சொன்னாள். ஜமால்தீன் பொறுமையாகக் கேட்டார். லாபிர் செவ்வாய்க்கிழமை சாமான் எடுக்கக் குருநாகலுக்குப் போனால் மறுநாள் மத்தியானம்தான் திரும்புவார், ஊற்ற ஆள் இல்லாத நாளில் தண்ணீர் எப்படி வரும் என்று கேட்டார். இரண்டு கணக்கும் சரியாகவே இருந்தன.

அவள் இருளாண்டியைத் தம்புள்ளைக்கு அனுப்பினாள். அங்கே அரசாங்க வேலையில் இருந்த தர்மராஜாவுக்குச் சொந்த ஊர் பருத்தித்துறை. உத்தியோகத்துக்கு வருமுன் படகு எஞ்சின்களோடு பத்து வருடம் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினார்.

முதலில் எண்ணெயைச் சொட்டாக விரலில் எடுத்துப் பார்த்தார். பால்போல வெளுத்திருந்தால் எஞ்சினுக்குள்ளேயே வெடிப்பு. வெளுக்கவில்லை. பிறகு குழாயிலிருந்து வடிந்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு யோசித்தார். கடலில் என்றால் உப்பை வைத்தே மழைத்தண்ணீரா கடல் தண்ணீரா என்று சொல்லிவிடலாமாம். இங்கே எல்லாம் கிணற்றுத் தண்ணீர். யார் வீட்டுக் கிணறு என்று நாக்குச் சொல்லாது.

கைறுன்னிஸாவின் புதன்கிழமைக் கணக்கைக் கேட்டார். ஜமால்தீனின் கணக்கையும் கேட்டார். இரண்டுக்கும் தலையாட்டினார். பிறகு, உடுப்புக்குப் போடும் நீலம் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டார்.

கைறுன்னிஸா இரண்டு பாக்கெட் நீலம் கொண்டுவந்தாள். தர்மராஜா அதை மேல்தொட்டியில் கரைத்து, எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினார். குழாயைக் கழற்றி வடித்துத் துடைத்துத் திரும்பப் பூட்டினார். அதன் வாயைச் சாக்கால் கட்டச் சொன்னார். முடிச்சை ஜமால்தீனே போட்டார், ஐந்து முடிச்சு. தர்மராஜா அன்று பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வீட்டில் தங்கினார்.

திங்கட்கிழமைக் காலை ஐந்து முடிச்சும் அப்படியே இருந்தன. இருளாண்டி குழாயைக் கழற்றினார். வந்த தண்ணீர் பள்ளிக்கூடச் சட்டைக்குப் போடுகிற நீலத்தில் இருந்தது.

தர்மராஜா கையைத் துடைத்துக்கொண்டார்.

"கடலில எஞ்சின் மேல, தண்ணி கீழ. எஞ்சின் நிண்டா தண்ணியும் நிக்கும். நீங்கள் தண்ணியை மேல வைச்சிருக்கிறியள் முதலாளி. பம்புக்குள்ள றப்பர் தேஞ்சு போச்சு, இனி அது தடுக்காது. ராமுழுக்க ஊறி இறங்கும். வெளிய போவம் எண்டா, குழாயின்ர வாயையும் தூக்கி விட்டிருக்கிறியள். குழாய் நிரம்பினா எஞ்சினுக்குள்ளதான் போகும்."

"அப்ப அந்தச் சிரட்டை?" என்று ஜமால்தீன் கேட்டார்.

"நிரம்பி வழிஞ்ச தண்ணியில மிதந்து விழுந்திருக்கும்."

ஜமால்தீன் ஒழுங்கைக்குப் போய்க் கொஞ்சநேரம் நின்றார். திரும்பி வந்தபோது முகம் கறுத்திருந்தது. புதிய றப்பர் எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டார். தொட்டியைக் கீழே இறக்குவது, எஞ்சினை நிறுத்தியதும் தண்ணீரைத் திருகி அடைக்க ஒரு பைப் போடுவது, குழாயைத் தாழ்த்திப் பின்பக்கத்துக் கழிவுநீர்க் கானுக்குக் கொண்டுபோவது என்று தர்மராஜா சொன்னவற்றைக் கேட்டுக்கொண்டார். மேல்தொட்டியில் மிஞ்சிய நீலத்தண்ணீரைத் திறந்துவிட எல்லாரும் மறந்தார்கள். செவ்வாய்க்கிழமை அதில் ஊறிய நெல்லை விற்க முடியாமல், வீட்டில் ஒரு மாதம் லேசான நீலச் சோறு சாப்பிட்டார்கள்.

ஊர் முன்னால் கேட்டதை ஊர் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, அதே முற்றத்தில் ஜமால்தீன் லாபிரின் முன்னால் போய் நின்றார்.

"மச்சான், தண்ணி ஊத்தின ஆளைக் கண்டுபுடிச்சிட்டோம்."

"யாரு?"

"நான்தான்."

லாபிர் அவரைப் பார்த்தார். சுற்றியிருந்தவர்களில் ஒருவர் சிரிக்கத் தொடங்கி, மற்றவர்கள் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

"ரெண்டு மாசமாவா?" என்று லாபிர் கேட்டார்.

"ரெண்டு மாசமா. மாப் பண்ணுங்க."

லாபிர், குழாயைக் கானுக்குக் கொண்டுபோக ஒழுங்கையைத் தோண்ட வேண்டிவருமே என்றார். வேண்டிவரும் என்றார் ஜமால்தீன். தோண்டும்போது தன் பக்கத்து மதில் அத்திவாரம் ஆடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு லாபிர் நடந்தார். பத்தடி போய்த் திரும்பி, "தங்கச்சிய வரச் சொல்லுங்க" என்றார்.

கைறுன்னிஸா றோட்டைச் சுற்றிப் போகவில்லை; ஒழுங்கை வழியாகவே போனாள். அஸர் தொழுகைக்குப் பிறகுதான் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. ஜமால்தீன் ஆலை வாசலில் நின்றார்.

"நானா என்ன சொன்னாரு?"

"சாப்பிடச் சொன்னாங்க."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஜமால்தீன் பின்னறைக்குப் போய், இன்றைக்கு இவ்வளவு போதும், எஞ்சினை நிறுத்து, தண்ணீர்ப் பைப்பையும் மறக்காமல் அடைத்துவிடு என்று இருளாண்டியிடம் சொன்னார்.