ஐந்தாவது சுருளில் ஒரு சுற்று

மாலை ஐந்து இருபதுக்குக் கம்பெனி வேன் தெருமுனையில் நின்ற சத்தம் கேட்டது, அம்மா இறங்கியிருப்பாள், அதற்குள் எண்ணிவிட வேண்டும் என்று பிரீத்திகா இருபதாவது செம்புக் கம்பிச் சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நாற்பத்தொன்று. இதிலும் நாற்பத்தொன்றுதான். பத்தொன்பது சுருளில் நாற்பத்தொரு சுற்று, ஐந்தாவதில் மட்டும் நாற்பது... அது அம்மா சுற்றியதல்ல. போன வாரம் அதை மட்டும் எண்ணிப் பார்த்து, நாற்பது சொன்னால் ஒன்று கூடுதலாகச் சுற்றியிருக்கிறாளே என்று ஒரு சுற்றைப் பிரித்தவள் இவள்தான். மற்றதை ஏன் எண்ணவில்லை? அவசரமா, அம்மாதானே என்ற எண்ணமா? பயர் ஆபீஸ் என்கிற பட்டாசு ஆலையில் வெடிக்கு நூல் கட்டும்போது எண்ணிக்கைக்கு மேல் இறுக்கத்துக்கு ஒரு சுற்று போடுவார்கள், அம்மாவுக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம், செம்புக் கம்பியிலும் கை அதையே செய்திருக்கிறது, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி. ஒரே மாதிரி இருந்தால் போதும், நாற்பதா நாற்பத்தொன்றா என்பது பெரிய விஷயமே இல்லை.

நுண்ணிய கம்பிக்குள் எலெக்ட்ரான் எப்படிப் போகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது, அதற்காகத்தான் இவள் ஆய்வுக்குச் செய்த இந்தப் பலகை, ஒரு அணுவுக்குப் பதில் ஒரு சுருள், ஒரு கெப்பாசிட்டர், அப்படி இருபது வரிசையாக, ஒரு முனையில் மின்னலையைக் கொடுத்தால் எலெக்ட்ரானின் அலையைப் போலவே இடம்விட்டு இடம் நகரும், எல்லா இடமும் ஒன்றுபோல இருந்தால் மறுமுனை சேரும், ஒன்று மாறினால் அங்கே முட்டித் திரும்பும். நேற்று ஆய்வுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் ஐந்தாவதில் முட்டித் திரும்பியது. யாரும்மா சுத்துனது என்று வழிகாட்டி நல்லசிவம் சார் சாதாரணமாகத்தான் கேட்டார். பக்கத்து வீட்டு அக்கா சார், பயர் ஆபீசுக்குப் போறவங்க, படிக்காதவங்க என்றாள் இவள். எங்கிருந்து வந்தது அந்தப் பக்கத்து வீடு? யோசித்துச் சொன்னதாகக்கூட நினைவில்லை. வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர், சரவெடி பின்னுற கையில எலெக்ட்ரானக் கொடுத்தா அது பாதியிலதான் நிக்கும் என்றார், சிரித்தார்கள், இவளும் சிரித்தாள், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சிரித்தாள். சுருள் சுற்றியவரின் பிழை என்று அறிக்கையில் எழுதி நாளைக் காலை சாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எழுதியாகிவிட்டது. பையில் இருக்கிறது.

அம்மா பாண்டிமீனா உள்ளே வந்தாள். “என்னத்தா, யாவாரத்துக்குப் பரப்புன மாதிரி வச்சிருக்க? எம்புட்டுக்குத் தருவ?” என்று சிரித்தபடி பின்பக்கம் போனாள். தண்ணீர் சத்தம். சோப்பு போட்டாலும் வெடிமருந்தின் அந்த வெள்ளி நிறம் நகக்கண்ணை விட்டுப் போகாது, அதனால்தான் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்ட நாளில் எல்லாம் அம்மாவிடம் சொல்லாமலே... வேண்டாம், இப்போது சொல்லிவிட வேண்டும், நான்தான் பிரித்தேன் என்று இரண்டு சொல், அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

“சார் பாத்தாரா? எல்லாம் ஒண்ணுபோல இருக்குன்னாரா?”

“ஒண்ணு மட்டும் சரியில்லன்னாரும்மா.”

எப்படி இவ்வளவு சுலபமாக வருகிறது? ஒரு சுற்றுக் கம்பியைத் திரும்பச் சேர்த்தால் பலகை சரியாகிவிடும், பத்து நிமிட வேலை, சாருக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது, யாருக்குமே தெரியாமல் இது முடிந்துபோகும், அதுதான் பயமாக இருந்தது. அம்மா திட்டினால் நன்றாக இருக்கும். அம்மா திட்டவில்லை. கழுவிய கையைச் சேலையில் இன்னொரு முறை துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள், கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

“எதுத்தா அது? எடு, ஏங் கை எங்கன தப்புச்சுன்னு பாத்துக்கிடுறேன்.”