வளர்ந்த அக்கா

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழையும்போதே அக்காவின் முகம் கடுகடுவென்றிருந்தது. அச்சகத்தின் முன்பக்கம் கடை. கையால் அச்சடித்த வாழ்த்து அட்டைகளும் நோட்டுகளும் அலமாரி நிறைய இருந்தன. அவற்றை ரசிக்க அவள் வரவில்லை. காலையில் தம்பி தன் கல்யாண அழைப்பிதழை வீட்டு மேசைமேல் வைத்துவிட்டு நழுவியிருந்தான். அதைப் பையிலிருந்து எடுத்துக் கல்லாமேல் பட்டென்று வைத்தாள்.

"இதை அடிச்சது யாரு?"

பின்னால் இயந்திரத்தருகே நின்ற அச்சகக்காரி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"நான்தான். மாதிரிக்கு ஒண்ணு அடிச்சேன். ஏன், மை சரியா ஏறலையா?"

"மை நல்லா ஏறியிருக்கு. மண்டையிலதான் ஒண்ணும் ஏறலை. இதைப் படிங்க."

"'வளர்ந்த அக்கா'." அச்சகக்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லா வளர்ந்துதானே இருக்கீங்க?"

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. 'வளர்த்த அக்கா' என்று இருந்திருக்க வேண்டிய இடம் அது. அம்மா கண்ணை மூடிய பிறகு, அப்பாவும் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போனார். பால் பல் விழாத தம்பிக்காகப் படிப்பை விட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் அவள். "கார்டுல அப்பா பேருக்குக் கீழே உன் பேரு. 'வளர்த்த அக்கா'ன்னு போடறேன்" என்று தம்பி தானாகத்தான் சொன்னான். மறுநாளே அதைத் தையல்கடை முழுக்கச் சொல்லி வாய் ஓயவில்லை அவளுக்கு.

"கண்ணை எங்க வச்சுக்கிட்டு எழுத்துக் கோத்தீங்க? ஒரு எழுத்துதானேன்னு அலட்சியம்!"

"வாய்க்கு வந்தபடி பேசாதீங்கம்மா. நான் 'த்'தான் கோத்தேன். உங்க தம்பி வந்து 'ந்' போடச் சொன்னார். தப்பாச்சேன்னேன். 'தப்பாவே இருக்கட்டும்'னார்."

அக்கா உடனே போனை எடுத்தாள். "அச்சகத்துக்கு வா" என்றாள்.

அடுத்த தெருவிலிருந்த ஆபீசிலிருந்து தம்பி ஓடிவந்தான். அச்சகக்காரியைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது.

"அக்கா, கத்தாதே. அப்பாதான் சங்கடப்பட்டார். 'அவ வளர்த்தான்னா நான் என்ன செத்தா போயிருந்தேன்'னு கேட்டார். பொண்ணு வீட்டுலயும் அப்பா எங்க போயிருந்தார்னு தோண்டித் துருவுவாங்க. அச்சுப்பிழைன்னா நீயும் கண்டுக்க மாட்டேன்னு…"

"போன வருஷம் பெட்டியோட வந்து நின்னவருக்குச் சங்கடம்! உனக்கு அம்மை போட்டப்ப எங்கடா இருந்தார் அவரு? அவரோட மானத்தைக் காப்பாத்த இந்தம்மா தலையில பழி, என் கண்ணுல மண்ணு. நல்லா இருக்குடா உன் கணக்கு!"

"மெதுவா பேசுக்கா."

"மெதுவா பேசித்தான் உன்னை இந்த லட்சணத்துல வளர்த்திருக்கேன். இப்பச் சொல்லு. என் பேரு வந்தா 'வளர்த்த'ன்னு வரணும். இல்லேன்னா வரவே கூடாது. எது?"

தம்பி அச்சகக்காரி பக்கம் திரும்பினான்.

"அந்த வரியையே எடுத்துடுங்க."

அச்சகக்காரி அசையவில்லை. அக்காவைப் பார்த்தாள்.

"எடுங்க," என்றாள் அக்கா. குரல் ஒரேயடியாக இறங்கியிருந்தது. "உங்களைத் திட்டினது தப்பு. மனசுல வச்சுக்காதீங்க."

எழுத்துகளை இறுக்கிப் பிடித்திருந்த இரும்புச் சட்டத்தை அச்சகக்காரி தளர்த்தினாள். சின்ன இடுக்கியால் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். அக்காவின் பெயர் தலைகீழாகக் கலைந்து தட்டில் விழுந்தது. அப்பாவின் பெயருக்குக் கீழே பள்ளமாக ஓர் இடம். அச்சகக்காரி ஒரு மரத்துண்டை எடுத்தாள்.

"இங்க இந்த வெற்றுக்கட்டையை வைக்கணும். அச்சுல தெரியாது. ஆனா இது முட்டுக் கொடுக்கலேன்னா, மத்த எழுத்தெல்லாம் சரிஞ்சு கொட்டிடும்."

"ஆமா, வச்சுடுங்க," என்றான் தம்பி அவசரமாக.

அக்கா அந்தக் கட்டையை அச்சகக்காரியின் கையிலிருந்து வாங்கி, அவன் சட்டைப்பையில் திணித்தாள்.

"கொட்டட்டும்டா. உன் அப்பாவை வந்து பொறுக்கச் சொல்லு."

கண்ணாடிக் கதவு அதிர, வெளியே நடந்தாள்.